வேதனமற்ற பயிலுநர் முறை – ஒரு வரலாற்று நோக்கு

தொழில் ஒன்றைக் கற்க விழையும் இளைஞன், அதனைக் கற்கும் காலத்தில் ஊதியம் எதிர்பார்த்தல் தகுமா என்னும் வினா மிகப் பழையது. கற்பித்தவனுக்குக் கைம்மாறு செய்தல் கற்றவனது கடன் என்பதும், உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தல் உழைப்பைப் பெற்றவனது கடன் என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அறங்களாகும். கற்பவனே உழைப்பவனாகவும் இருக்குமிடத்து இவ்விரு அறங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதல் எக்காலத்தில், எவருக்குச் சாதகமாக, எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதே பயிலுநர் முறையின் வரலாறு எனலாம்.

அண்மைக் காலத்திலே, பல்கலைக்கழகக் கல்வியை முடித்தோரும் முடிக்கும் தறுவாயில் உள்ளோரும் அலுவலகங்களிலும் பத்திரிகைகளிலும் திரைப்படத் தயாரிப்பிலும் சர்வதேச நிறுவனங்களிலும் மாதக்கணக்கில் வேதனமின்றிப் பணியாற்றும் வழக்கம் மேலை நாடுகளிற் பெருகிப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. பண்டைய பயிலுநரும் கூலியின்றியே தொழில் கற்றனர் என்பது இவ்வழக்கத்தை ஆதரிப்போர் எடுத்துக்காட்டும் நியாயங்களுள் ஒன்றாகும். இந்நியாயம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய ஒப்பந்தப் பயிலுநர் முறை நாடு முழுவதற்குமான சட்ட வடிவம் பெற்றது இங்கிலாந்திலாகும். இன்றைய வேதனமற்ற பயிலுநர் முறை விரிவான உருவம் பெற்றது ஐக்கிய அமெரிக்காவிலாகும். ஆகவே இவ்விரு நாடுகளின் வரலாறுமே ஈண்டு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஒப்பந்தமும் கடப்பாடும்

இடைக்கால ஐரோப்பிய நகரங்களிலே தச்சர், நெசவாளர், பொற்கொல்லர் முதலான கைவினைஞர் தத்தமக்கெனத் தொழிற்குழுக்களை அமைத்திருந்தனர். ஒரு தொழிலைச் செய்யும் உரிமை அக்குழுவின் உறுப்பினருக்கே உரியதாயிருந்தது. அவ்வுரிமையைப் பெறுவதற்குரிய முதன்மையான வழி, குழுவைச் சேர்ந்த எசமானர் ஒருவரிடம் பயிலுநராகக் காலங்கழிப்பதாகும். இங்கிலாந்திலே எலிசபெத்து அரசியின் ஆட்சியில் 1563 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட கைவினைஞர் சட்டம் இவ்வழக்கத்தை நாடு முழுவதற்கும் பொது விதியாக்கியது. அச்சட்டத்தின்படி ஏழாண்டுக்குக் குறையாது பயிலுநராக இருந்தவரே சட்டத்துக்குட்பட்ட தொழில்களைச் செய்யலாம்.

பயிலுநர் ஒப்பந்தம் எழுதப்பட்ட முறை கருத்திற் கொள்ளத்தக்கது. ஒரே தாளில் ஒரே வாசகம் இருமுறை எழுதப்பட்டு, அத்தாள் நடுவே பற்களைப் போன்ற வளைவுகளுடன் வெட்டப்படும். ஒரு பாதி எசமானரிடமும் மறுபாதி பயிலுநர் தரப்பினரிடமும் இருக்கும். பிணக்கு ஏற்படின் இரு பாதிகளையும் பொருத்திப் பார்த்து உண்மையைத் துணியலாம். வாசகமும் இரு பாதிகளைக் கொண்டதே. பயிலுநன் எசமானருக்கு விசுவாசமாய் உழைத்தல் வேண்டும். அவரது இரகசியங்களைக் காத்தல் வேண்டும். மணம் முடித்தலும், சூதாடுதலும், மதுச்சாலை செல்லுதலும் ஆகா. எசமானரோ அவனுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்து, தொழிலின் நுட்பங்கள் யாவற்றையும் கற்பித்தல் வேண்டும். பயிலுநனது கையிற் காசு இல்லையாயினும் அவனது வயிறும் கூரையும் எசமானரது பொறுப்பாயிருந்தன. ஏழாண்டு முடிவில் அத்தொழிலைச் செய்யும் உரிமையும் அவனுக்கு உறுதியாயிருந்தது. நமது மரபிலே குருகுலத்தில் உறைந்து குருவுக்குப் பணிவிடை செய்து கற்ற மாணாக்கனது நிலையையும் இதனோடு ஒப்பிடலாம். குருவின் வீட்டில் உழைத்தவன் குருவின் வீட்டிலேயே உண்டான்.

எனினும் இம்முறையைப் பொற்காலமாகக் கொள்வது தவறாகும். பயிலுநனைச் சேர்த்துக்கொள்வதற்கு எசமானர் பெற்றோரிடம் நுழைவுப் பணம் வாங்கும் வழக்கம் காலப்போக்கில் வலுப்பெற்றது. அது எத்துணைப் பரவலாயிருந்தது என்பதற்கு, பிரித்தானிய அரசாங்கம் 1710 ஆம் ஆண்டு முதல் அப்பணத்தின்மீது முத்திரை வரி விதித்தமையே சான்றாகும். ஐம்பது பவுண் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு பவுணுக்கும் ஆறு பென்சும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு சிலிங்கும் அறவிடப்பட்டன. பெருந்தொகை கொடுக்க வல்லவரது பிள்ளைகள் வருவாய்மிக்க தொழில்களையும், வல்லாதவரது பிள்ளைகள் கடைநிலைத் தொழில்களையும் கற்றனர்.

அமெரிக்க அரசியலறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினது இளமை வரலாறு இம்முறையின் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. பொஸ்டன் நகரில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற அவரது தந்தைக்குப் பதினேழு பிள்ளைகள். மகனைக் கத்தி செய்யும் தொழிலில் ஈடுபடுத்த விரும்பி உறவினர் ஒருவரிடம் அனுப்பினார். உறவினர் நுழைவுப் பணம் எதிர்பார்த்தார். தந்தை அதனை விரும்பாது மகனைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பின்னர் 1718 ஆம் ஆண்டிலே, பன்னிரண்டு வயதில், அச்சுத் தொழில் செய்த தமையனிடம் பிராங்கிளின் பயிலுநராக ஒப்பந்தமானார். இருபத்தொரு வயது வரை வேலை செய்தல் வேண்டும் என்பதும், இறுதி ஆண்டில் மட்டும் கூலி உண்டு என்பதும் நிபந்தனைகள். தமையனது அடிகளைப் பொறுக்கமாட்டாத அவர் 1723 ஆம் ஆண்டில் ஊரைவிட்டே ஓடினார். ஆயினும் அச்சுக்கூடத்தில் அவர் கற்ற தொழிலே அவரது பிற்கால வாழ்வுக்கு முதலாயிற்று. கொடுமையும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

ஒப்பந்தத்தின் சிதைவு

கைத்தொழிற் புரட்சி இவ்வுறவை அடியோடு மாற்றியது. எந்திரத்தின்முன் நிற்பதற்கு ஏழாண்டுப் பயிற்சி வேண்டியதில்லை. மலிவான கைகளே வேண்டப்பட்டன. வறியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஆதரவற்ற குழந்தைகளைப் பயிலுநராக ஒப்படைக்கும் அதிகாரம் கோயிற்பற்று நிருவாகிகளுக்கு இருந்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டு இலண்டன் முதலிய நகரங்களிலிருந்து குழந்தைகள் தொலைதூரப் பஞ்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பெயரளவில் பயிலுநர். உண்மையிற் கூலியற்ற ஆலைத் தொழிலாளர். நிலைமையைச் சீர்செய்யும் நோக்குடன் பாராளுமன்றம் 1802 ஆம் ஆண்டிலே பயிலுநர் உடல்நல ஒழுக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பயிலுநர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தலாகாது, ஒரு கட்டிலில் இருவருக்கு மேல் உறங்கலாகாது, முதல் நான்காண்டுகளும் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்படுதல் வேண்டும் என அது விதித்தது. இவ்வாறு விதிக்க நேர்ந்தமையிலிருந்தே அதற்கு முன்னைய நிலையை உய்த்துணரலாம். மேற்பார்வை வலுவற்றிருந்தமையால் அச்சட்டம் பெரும்பயன் விளைக்கவில்லை.

இதற்கு முன்னரே பொருளியலறிஞர் அடம் சிமித், 1776 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே நீண்டகாலப் பயிலுநர் முறையைக் கண்டித்திருந்தார். தன் உழைப்பினால் தான் எப்பயனும் பெறாத இளைஞன் சோம்பல் மிக்கவனாதல் இயல்பு என்பதும், செய்த வேலைக்கேற்பத் தொடக்கத்திலிருந்தே கூலி கொடுப்பின் அவன் ஊக்கத்துடன் கற்பான் என்பதும் அவரது கருத்தின் சாரம். 1563 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயிலுநர் விதிகள் 1814 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. தொழில் செய்யும் உரிமையைப் பயிலுநர் காலத்தோடு பிணைத்த பொதுவிதி இதனால் மறைந்தது. எசமானரது வீட்டில் உண்டு உறங்கிய பயிலுநரும் படிப்படியாக அருகினர்.

நம்பிக்கையே வேதனமாக

கைவினைத் தொழில்களில் பழைய முறை தளர்ந்தபோது, கற்றோர் தொழில்களிலே வேதனமற்ற உழைப்பு வேறொரு வடிவில் நிலைபெற்றது. கம்பனி ஆட்சிக் கால இந்தியாவின் கச்சேரிகளிலே உத்தியோகத்தை எதிர்நோக்கிக் காத்திருந்தோர் ‘உமேதுவார்’ எனப்பட்டனர். நம்பிக்கை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் அடியாகப் பிறந்த இப்பெயர் தமிழகத்திலும் வழங்கியது. எழுத்து வேலைகளைச் செய்து கொடுத்து, மேலதிகாரியின் கண்ணிற்பட்டு, என்றோ ஒருநாள் வெற்றிடம் ஏற்படும் எனக் காத்திருப்பதே அவர் நிலை. நம்பிக்கையுடையோன் என்பதே அவரது பதவிப் பெயராக அமைந்தமை பொருத்தமானதே.

ஆளும் நாட்டிலும் இதற்கு ஒப்பான முறை காணப்பட்டது. பிரித்தானிய இராசதந்திர சேவையில் ‘அட்டாஷே’ என்னும் தொடக்க நிலைப் பதவியில் அமர்ந்தோருக்கு முதலிரண்டு ஆண்டுகளும் வேதனம் இல்லை. ஆண்டுக்கு நானூறு பவுண் சொந்த வருமானம் உடையவரே அச்சேவைக்குத் தகுதியானவர் எனவும் விதிக்கப்பட்டிருந்தது. குடியியற் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வேண்டும் என 1854 ஆம் ஆண்டின் நோத்கோட் – திரெவெலியன் அறிக்கை வலியுறுத்திய பின்னரும், இராசதந்திர சேவையின் இவ்வருமானத் தடை 1919 ஆம் ஆண்டு வரை நீடித்தது. உமேதுவாருக்கும் அட்டாஷேக்கும் இடையிலுள்ள வேற்றுமை பெரிது. முன்னவர் வேலைக்காகக் காத்திருந்தார். பின்னவருக்குக் காத்திருப்பதற்கு வசதி இருந்தது. ஆயினும் வேதனமின்மையே வாயிற்காவலனாக நின்று, செல்வமற்றோரைத் தடுத்தது என்னும் உண்மை இங்கு தெளிவாகப் புலப்படுகின்றது. எந்த விதியும் ஏழையை விலக்குவதாக வெளிப்படையாகக் கூறவேண்டியதில்லை. ஈராண்டு வேதனம் இல்லை என்றாலே போதும்.

வைத்தியசாலையிலிருந்து அலுவலகத்துக்கு

இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்ரேண்’ என்னும் சொல் வைத்தியத் துறையிற் பிறந்தது. பாரிசு நகர வைத்தியசாலைகளிலே 1802 ஆம் ஆண்டு முதல் போட்டிப் பரீட்சை மூலம் தெரிவுசெய்யப்பட்டு, வைத்தியசாலைக்கு உள்ளேயே உறைந்து பயின்ற மாணவர் ‘உள்ளுறைவோர்’ என்னும் பொருளில் அவ்வாறு அழைக்கப்பட்டனர். அமெரிக்காவிலே 1889 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை, உள்ளுறைந்து பயிலும் முறைக்கு முன்மாதிரியாயிற்று. அக்காலப் பயிலுநர் வைத்தியருக்குப் பணமாகக் கிடைத்தது சொற்பமே. ஆனால் உணவும் உறைவிடமும் வைத்தியசாலையைச் சார்ந்தன. பழைய கைவினை ஒப்பந்தத்தின் சாயலை இங்கே காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் வைத்தியசாலையை விட்டு அரசாங்க அலுவலகங்களுக்கும், பின்னர் வணிக நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சென்றது. பெயர் சென்றதேயன்றிப் பெயரின் பொருள் செல்லவில்லை. அலுவலகப் பயிலுநருக்கு உள்ளுறையும் இடம் இல்லை, உணவு இல்லை, முடிவில் தொழில் உரிமை தரும் சான்றிதழும் இல்லை. எஞ்சியது வேதனமற்ற உழைப்பு ஒன்றே.

சட்டத்தின் தடுமாற்றம்

அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டு நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் மணித்தியாலத்துக்கு இருபத்தைந்து சதம் என ஆகக்குறைந்த கூலியை நிருணயித்தது. பயிற்சி பெறுவோரும் இச்சட்டத்தின் கருத்தில் ஊழியர்தாமா என்னும் வினா 1947 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. புகையிரத நிறுவனமொன்றிலே தடுப்புக் கருவியாளராகச் சேர விரும்பியோருக்கு ஏழெட்டு நாள் நீடித்த பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சியால் நிறுவனத்துக்கு உடனடி நன்மை ஏதும் இல்லை. வழக்கமான ஊழியரின் வேலை பறிக்கப்படவுமில்லை. மாறாக வேலை தாமதமடைந்தது. எனவே அவர்கள் ஊழியர் அல்லர் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் பொருண்மைகளுக்கு இது நியாயமான தீர்ப்பேயாகும். ஆனால் ஒரு வாரப் பயிற்சியைக் குறித்து எழுந்த இத்தீர்ப்பே, பிற்காலத்தில் மாதக்கணக்கில் நீடித்த வேதனமற்ற பணிக்கும் சட்ட அடித்தளமாக எடுத்தாளப்பட்டது.

2010 ஆம் ஆண்டு வெளியான ‘பிளாக் ஸ்வான்’ என்னும் திரைப்படத்தின் தயாரிப்பிற் பணியாற்றிய பயிலுநர் இருவர் வேதனங் கோரி நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தனர். கோப்பி தயாரித்தல், பிரதியெடுத்தல், மதிய உணவுக்குச் சொல்லியனுப்புதல் போன்றன அவர்கள் செய்த வேலைகளுட் சில. அவர்கள் ஊழியரே என 2013 ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டு, பணியால் முதன்மையாக நன்மை பெறுபவர் யார் என்பதே உரைகல் என்றது. தொழிற்றிணைக்களமும் 2018 சனவரியில் அவ்வுரைகல்லையே ஏற்றுக்கொண்டது. கற்பவனும் உழைப்பவனும் ஒருவனாகும்போது நன்மையை எவ்வாறு கூறுபோட்டு அளப்பது என்னும் பழைய வினா இன்னும் தீரவில்லை என்பதையே இது உணர்த்துகின்றது.

வேதனமின்மை மற்றொரு பாதுகாப்பையும் பறித்தது. பணியிடத்திற் பாலியல் தொல்லைக்கு உள்ளான பயிலுநர் ஒருவரது வழக்கில், அவர் வேதனம் பெறாதமையால் ஊழியர் அல்லர் என்றும், ஆதலால் அதற்கெதிரான கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவரல்லர் என்றும் 1997 ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. கூலி இல்லையெனின் ஊழியர் இல்லை. ஊழியர் இல்லையெனின் உரிமையும் இல்லை. ஒறிகன் மாநிலம் 2013 ஆம் ஆண்டிலும் நியூயோர்க் மாநிலம் 2014 ஆம் ஆண்டிலும் இக்குறையைச் சட்டத்தால் நீக்கின.

விளைவுகள்

வேதனமற்ற பணி பிற்காலத்தில் நல்ல வேலையாகப் பலிக்கும் என்பதே இளைஞருக்கு அளிக்கப்படும் உறுதிமொழியாகும். இதனைச் சோதிக்க உதவும் தரவுகள் உள்ளன. அமெரிக்கக் கல்லூரிகளையும் தொழில்தருநரையும் உறுப்பினராகக் கொண்ட தேசியச் சங்கம் 2013 ஆம் ஆண்டிற் பட்டம் பெறும் மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தியது. வேலைக்கு விண்ணப்பித்தோருள், வேதனத்துடன் பயிலுநராக இருந்தவரில் 63.1 சதவீதத்தினருக்கு வேலை வாய்ப்புக் கிட்டியது. வேதனமின்றிப் பயிலுநராக இருந்தவரில் 37 சதவீதத்தினருக்கும், பயிலுநராகவே இராதவரில் 35.2 சதவீதத்தினருக்கும் அது கிட்டியது. தொடக்கச் சம்பளத்தின் இடைநிலை அளவோ, வேதனமற்ற பயிலுநருக்கு 35,721 டொலராகவும், பயிலுநராகவே இராதவருக்கு 37,087 டொலராகவும், வேதனம் பெற்ற பயிலுநருக்கு 51,930 டொலராகவும் இருந்தது. பொறியியல், வணிகம் முதலிய துறைகளிலே வேதனம் பெறுவோர் மிகுதி என்பதும், அத்துறைகளிற் சம்பளமும் இயல்பாகவே உயர்வு என்பதும் இங்கு மறக்கத்தக்கனவல்ல. அவ்வாறாயினும், வேதனமின்றி உழைத்தவர் சும்மா இருந்தவரிலும் பார்க்கப் பெரிதாக எதையும் ஈட்டவில்லை என்பது சிந்திக்கற்பாலது.

அடுத்தது, இவ்வுழைப்பின் செலவை யார் தாங்குகின்றனர் என்பதாகும். இலண்டனிற் பயிலுநராகத் தனித்து வாழும் ஒருவருக்கு மாதமொன்றுக்கு ஆகக்குறைந்தது 1,019 பவுண் செலவாகும் எனச் சட்டன் அறக்கட்டளை 2018 ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. எசமானர் அளித்த உணவையும் உறைவிடத்தையும் இப்பொழுது பெற்றோரே அளிக்கின்றனர். தலைநகரில் வீடுடைய குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டன்று. தூரத்துச் சிற்றூரிலிருந்து வருபவருக்கு இது கடக்கவொண்ணாத் தடை. 2015 ஆம் ஆண்டிலே ஜெனிவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகத்திற் பயிலுநராகச் சேர்ந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் கூடாரத்தில் வாழ்ந்தமை உலகெங்கும் செய்தியாயிற்று. செய்தியாகாதவர், வரவே இயலாது ஊரில் தங்கிவிட்ட எண்ணற்றோராவர். பத்திரிகையும் அரசியலும் கலையும் சர்வதேச நிருவாகமும் இவ்வாயில் வழியாகவே ஆட்களைப் பெறுமாயின், சமுதாயத்தின் குரலாக ஒலிப்போர் அதன் ஒரு பகுதியினராகவே இருப்பர். 2009 ஆம் ஆண்டிலே அலன் மில்பேண் தலைமையிலான குழு பிரித்தானிய அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையும், உயர்தொழில்களுக்குள் நுழைவதற்குப் பயிலுநர் வாய்ப்புகள் இன்றியமையாதனவாகிவிட்டமையைக் கவலையுடன் சுட்டியது.

இந்நிலை மாற்றமுடியாததன்று. அமெரிக்க வெள்ளை மாளிகை 2022 ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் முதல் தன் பயிலுநருக்கு வேதனம் வழங்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆம் ஆண்டு முதல் உதவுதொகை அளிக்கலாயிற்று. குறித்த காலத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் கொடுப்பனவு கட்டாயம் என்பது பிரான்சின் சட்டமாகும்.

இலங்கைக்கு ஒரு குறிப்பு

இப்பிரச்சினை நமது நாட்டுக்குப் புறம்பானதன்று. 1971 ஆம் ஆண்டிலே தேசிய பயிலுநர் சட்டம் நிறைவேற்றப்பட்டு, தொழிற்பயிற்சி அரசாங்கத்தின் பொறுப்புகளுள் ஒன்றாயிற்று. உள்ளகப் பயிற்சி பெறும் வைத்தியர் இங்கு சம்பளம் பெறுகின்றனர். ஆனால் சட்டத்தரணியாக விரும்புவோர் மூத்த சட்டத்தரணியிடம் கழிக்க வேண்டிய ஆறு மாத காலத்துக்குக் கொடுப்பனவு பெறுவது பெரும்பாலும் அம்மூத்தவரது மனப்பாங்கைப் பொறுத்ததாகும். இவற்றினும் வேதனை தருவது தொண்டர் ஆசிரியரின் நிலையாகும். போர்க்காலத்திலே வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆசிரியரின்றித் தவித்த பாடசாலைகளில் இளைஞரும் யுவதியரும் சம்பளமின்றியோ சிறுதொகை பெற்றோ ஆண்டுக்கணக்கிற் கற்பித்தனர். வகுப்பறைகள் மூடப்படாது காத்த அவர்கள், பின்னர் நிரந்தர நியமனங் கோரி வீதியில் இறங்க நேர்ந்தது. அவர் பெற்றிருந்ததும் பண்டைய உமேதுவார் பெற்றிருந்த நம்பிக்கை ஒன்றே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பண்டைய பயிலுநரும் கூலியின்றியே கற்றனர் என்னும் வாதம் வரலாற்றில் ஒரு பாதியை மட்டுமே கூறுகின்றது என்பது தெளிவாகும். பழைய ஒப்பந்தம் கொடியதாயினும் அதில் இரு தரப்புக் கடப்பாடுகளும் எழுதப்பட்டிருந்தன. எசமானர் உணவளிக்கவோ கற்பிக்கவோ தவறின், கையிலிருந்த மறுபாதியைக் காட்டி முறையிடப் பயிலுநனுக்கு இடமிருந்தது. இன்றைய பயிலுநரிடம் அவ்வாறு காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே, பழைமையைச் சான்றாகக் காட்டி இளைஞரின் உழைப்பைக் கேட்போர், அப்பழைமை விதித்த கடப்பாடுகளையும் ஏற்றல் வேண்டும். கற்பித்தல் உண்மையாயின், கற்பிக்கப்படுவது யாது, எத்தனை காலம், முடிவில் யாது கிட்டும் என்பன எழுத்தில் தரப்படுதல் வேண்டும். பெறப்படுவது உழைப்பாயின், அதற்குரிய வேதனம் கொடுக்கப்படுதல் வேண்டும்.